மார்க்கெட்டிங் ஒரு மதம் என்றால், அதன் பக்தர்கள் யார்?

கடைத்தெரு எழுதியது:

நுகர்பொருள் விற்பனையில் வேலை பார்க்கிறவன் நான். ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன். எம்பிஏ படிக்கிறவர்கள், ஏஜென்சி எடுத்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள், எல்லாரும் பேசுங்கள்.

நமக்குக் கற்றுத்தரப்படும் மார்க்கெட்டிங் கோட்பாடு அறிவியல் என்ற பெயரில்தான் வகுப்பறைக்குள் நுழைகிறது. ஆனால் அது நடந்துகொள்ளும் விதம் முழுக்க ஒரு மதத்தினுடையது. மூலநூல் உண்டு: பிலிப் கோட்லரின் பாடப்புத்தகம், முதல் பதிப்பு 1967. ஓதி மனப்பாடம் செய்ய மந்திரமும் உண்டு: ஜெரோம் மெக்கார்த்தி 1960-இல் வகுத்த நான்கு 'பி'க்கள், அதாவது பொருள் (product), விலை (price), கிடைக்கும் இடம் (place), விளம்பரம் (promotion). 1981-இல் பூம்ஸும் பிட்னரும் அதை ஏழாக்கினார்கள். நாலு ஏழானதற்குப் பின்னால் ஒரு சோதனை இல்லை, ஒரு வகைப்பாடுதான் இருந்தது. அதையும் பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்.

இவையெல்லாம் மேலோட்டம். என்னை உறுத்துவது இதற்குள் இருக்கும் பக்திக் கோட்பாடு. வாடிக்கையாளர் நம் பிராண்டை நேசிக்க வேண்டும், வேறொன்றைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, நாலு பேரிடம் போய் நம் புகழைப் பாட வேண்டும். சாட்சி அண்ட் சாட்சி விளம்பர நிறுவனத்தின் தலைவராக இருந்த கெவின் ராபர்ட்ஸ் 2004-இல் இதை உச்சிக்கே கொண்டுபோனார். அறிவுக் கணக்கைத் தாண்டிய விசுவாசத்தை உண்டாக்குவதுதான் பிராண்டின் இலக்கு என்றார். நான் உட்கார்ந்த கூட்டங்களில் இதை மறுத்து ஒருவர் பேசி நான் கேட்டதே இல்லை.

இந்தப் பக்தி நிஜத்தில் இருக்கிறதா? ஆண்ட்ரூ எரன்பெர்க் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1959-இலேயே வீடுகளின் கொள்முதல் பதிவுகளை வைத்து எழுத ஆரம்பித்தவர். அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகளில் கண்டது இது: எந்த பிராண்டை எடுத்தாலும், அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது வாங்குகிறவர்கள். அவர்களே போட்டி பிராண்டையும் வாங்குகிறார்கள். பெரிய பிராண்டு பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதை நிறையப் பேர் வாங்குவதுதான், அவர்களுக்கு அதன்மேல் அன்பு கூடுதல் என்பதற்காக இல்லை. சின்ன பிராண்டுக்கு இரண்டு அடி: வாங்குகிறவர்களும் குறைவு, அந்தக் கொஞ்சம் பேர் வாங்கும் தடவைகளும் சற்றுக் குறைவு. இந்த ஒழுங்கு சோப்பிலும் தெரிகிறது, பெட்ரோலிலும் தெரிகிறது.

ஆக, ஆதாரம் ஒரு பக்கம், போதனை இன்னொரு பக்கம். போதனைதான் கோலோச்சுகிறது. விளம்பரம் வெற்றி பெற்றால் கோட்பாடு ஜெயித்தது என்கிறார்கள். தோற்றால், செய்தவர்கள் சரியாகச் செய்யவில்லை, 'இன்சைட்' (வாடிக்கையாளர் மனதைப் பற்றிய புரிதல்) ஆழமாக இல்லை, பட்ஜெட் போதவில்லை என்கிறார்கள். பரிகாரம் பலிக்காதபோது பரிகாரத்தைச் சந்தேகிக்காமல் செய்தவரின் சிரத்தையைச் சந்தேகிப்பது மாதிரிதான் இது.

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் 'நம் விசுவாசமான இல்லத்தரசி' என்று கற்பனையாக ஒரு பெண்ணை உருவாக்கி, பெயர் வைத்து, படம் வரைந்து, கூட்ட அறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எந்த முடிவென்றாலும் "இவர் என்ன நினைப்பார்?" என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அதே மாதங்களில் தென்மாவட்டக் கடைகளில் எங்கள் சின்னப் பாக்கெட் ஸ்டாக் இல்லை. அதைச் சொன்னால் "அது சப்ளை பிரச்சினை, மார்க்கெட்டிங் பிரச்சினை இல்லை" என்றார்கள். அங்கே வேலை பார்த்த பையன்களின் டார்கெட்டும் இன்சென்டிவும் அந்தப் படத்தால் போயின. எனக்கு இன்னும் ஆறவில்லை.

---

பாடசாலை எழுதியது:

மேலாண்மைக் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடைத்தெரு சார், நான்கு 'பி'யை யாரும் இயற்கை விதியாக முன்வைக்கவில்லை. நீல் போர்டன் 1964-இல் 'மார்க்கெட்டிங் கலவை' பற்றி எழுதியபோது அதை ஒரு பட்டியலாகத்தான் கொடுத்தார், மேலாளர் முடிவெடுக்கும்போது எதையும் மறந்துவிடக் கூடாது என்பதற்காக. ஏழானதற்கும் காரணம் உண்டு. வங்கி, ஓட்டல், மருத்துவமனை மாதிரி சேவைத் தொழில்களில் ஆட்களும், நடைமுறையும், கண்ணுக்குத் தெரியும் சூழலும் முக்கியம் என்று சேர்த்தார்கள். பட்டியலை வேதமாக்கியது நம் தேர்வு முறை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு 'பி' எழுது என்றால் பிள்ளை ஓதத்தான் செய்யும். பழியை அந்த நூல்களின்மேல் போடாதீர்கள்.

இன்னொன்று. 1969-இல் கோட்லரும் சிட்னி லெவியும் மார்க்கெட்டிங் என்பது சோப்பு விற்பதற்கு மட்டும் இல்லை, பல்கலைக்கழகத்துக்கும் தேவாலயத்துக்கும் பொதுச் சேவைக்கும் பொருந்தும் என்று வாதிட்டார்கள். மதம் பரப்பும் வேலை என்று இதையும் சொல்வீர்கள். அதே ஆண்டே டேவிட் லக் என்ற அறிஞர், எல்லை மீறிப் போகிறீர்கள் என்று அச்சில் மறுத்தார். துறைக்குள் எதிர்க்குரலுக்கு இடம் இருந்தது.

அந்த விரிவாக்கத்தால் கிடைத்த நன்மையும் சிறியதல்ல. இந்தியாவில் 1968-இல் நிரோத் ஆணுறை எப்படி ஊர் ஊராகப் போனது? அரசு மருத்துவமனையில் மட்டும் வைத்திருந்தால் போயிருக்காது. புரூக் பாண்ட், ஹிந்துஸ்தான் லீவர், யூனியன் கார்பைடு போன்ற கம்பெனிகளின் டீத்தூள், சோப்பு, பேட்டரி வண்டிகளில் ஏறி, பெட்டிக்கடை வரை போனது. மானிய விலை, எளிய பெயர், எங்கும் கிடைக்கும் ஏற்பாடு, தொடர் விளம்பரம். நீங்கள் மந்திரம் என்று சொன்ன அதே நான்கும்தான். எத்தனை குடும்பங்களுக்கு அது உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

விருதுநகர்வாசி எழுதியது:

சார், நிரோத் கதைல நீங்க சொன்னதையே எடுத்துக்கோங்க. அதுல காதல் எங்க இருக்கு? டீத்தூள் வண்டி போன இடமெல்லாம் அதுவும் போச்சு, அதான் ஜெயிச்சுச்சு. கடைத்தெரு அண்ணன் சொல்றதும் அதானே.

நான் மூணு கம்பெனி ஏஜென்சி வச்சிருக்கேன். கடைக்காரங்களோட தினமும் பழகுறவன். கடைக்கு வர்ற அம்மா ஒரு பேரைச் சொல்லித்தான் கேப்பாங்க, அது உண்மை. இல்லன்னா ஒரு நொடி யோசிச்சு, "சரி அதைக் கொடுங்க"ன்னு பக்கத்துல இருக்கறதை வாங்கிட்டுப் போயிருவாங்க. அடுத்த தெரு வரைக்கும் போய்த் தேடுறவங்க ரொம்பக் கம்மி. குழந்தைப் பால்பவுடர், மூட்டுவலித் தைலம், இந்த மாதிரி ஒண்ணு ரெண்டுலதான் பிடிவாதம் பாத்திருக்கேன். அந்தப் பிடிவாதத்துக்கும் காரணம் பயம், பக்தி இல்ல. மாத்தினா பிள்ளைக்கு ஒத்துக்காம போயிருமோன்னு ஒரு பயம்.

நம்ம ஊர்லயே பெரிய பாடம் இருக்கு. கடலூர்ல சின்னி கிருஷ்ணன் ஐயா ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்ல அடைச்சு வித்தாரு. அவர் மகன் ரங்கநாதன் 1983-ல தனியா வந்து சிக் ஷாம்பு ஆரம்பிச்சாரு. பாக்கெட் வர்றதுக்கு முன்னாடி ஷாம்புன்னா பாட்டில், பாட்டில்னா வசதியானவங்க வீடு. பாக்கெட் வந்தப்புறம் தலைக்கு ஊத்துற நாள்ல மட்டும் ஒண்ணு வாங்கிக்கலாம்னு ஆச்சு. அப்புறம் காலிப் பாக்கெட்டைக் கொண்டாந்தா புதுசு இலவசம்னு திட்டம் போட்டாங்க. முதல்ல எந்த பிராண்டோட காலிப் பாக்கெட்டா இருந்தாலும் சரின்னாங்க. அதைக் கவனிங்க. அடுத்தவன் வாடிக்கையாளர்ன்னு ஒரு ஜாதி இருக்குன்னு அவங்க நினைக்கல. இன்னைக்கு அதை வாங்கினவங்க நாளைக்கு நம்மளை வாங்குவாங்கன்னு நினைச்சாங்க.

---

நள்ளிரவு நிரலர் எழுதியது:

இரண்டு பேருமே மளிகைப் பொருளை வைத்துப் பேசுகிறீர்கள். பக்தி எங்கே இருக்கிறதோ அங்கே பார்க்க வேண்டாமா?

1985 ஏப்ரல் 23 அன்று கோகோ கோலா தன் சுவையை மாற்றியது. சுமார் 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை செய்து, புதிய சுவைதான் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்த மாற்றம். என்ன ஆனது? சாதாரணமாக ஒரு நாளைக்கு 400 அழைப்பு வரும் அவர்களுடைய தொலைபேசிக்கு ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு 1,500 அழைப்புகள் வந்தன. 79 நாளில் பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீருக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு கோபம்?

ஆப்பிள் நியூட்டனையும் பாருங்கள். கையடக்கக் கருவி. 1998-இல் கம்பெனியே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு கூட்டம் அதை விடவில்லை. ஆல்பர்ட் முனீஸும் ஹோப் ஷாவும் அந்தக் கூட்டத்தை ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைகளில் அற்புதங்கள், துன்புறுத்தப்பட்ட விசுவாசிகள், படைத்தவர் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் இருந்தன. பேட்டரி தானாக உயிர்பெற்ற கதைகூட உண்டு. ஆய்வாளர்களே மதத்தன்மை என்றுதான் பெயர் சூட்டினார்கள். இதை எப்படி இல்லை என்பீர்கள்?

---

கடைத்தெரு எழுதியது:

இல்லை என்று நான் சொல்லவே இல்லை தம்பி. நியூட்டன் பக்தர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் கருவியை அந்தப் பக்தியால் காப்பாற்ற முடியவில்லை. இவ்வளவு தீவிரமான கூட்டம் இருந்தும் விற்பனை போதாமல்தான் அது நின்றது. பக்தி இருந்தால் வியாபாரம் தானே வளரும் என்ற போதனைக்கு இதைவிட எதிரான உதாரணம் வேண்டுமா?

கோக் விஷயத்தில், கோபம் நிஜம். பழகிய ஒன்றை யாரோ பிடுங்கிக்கொண்டால் வரும் கோபம் அது. ஆனால் போன் செய்து திட்டியவர்கள் பெப்சியைத் தொடாதவர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கோக் வாங்கும் வீடுகளில் பெப்சியும் போகிறது என்பதுதான் எரன்பெர்க் வழியில் வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது. 1,500 அழைப்பை வைத்து, கோக் குடிக்கும் கோடிக்கணக்கானவர்களின் மனதை எழுதியதுதான் தவறு. தீவிரமானவர்களின் குரல் உரக்கக் கேட்கும். வருஷத்தில் இரண்டு தடவை கல்யாண வீட்டுக்காகப் பாட்டில் வாங்குகிறவர் யாருக்கும் போன் செய்யமாட்டார். கம்பெனியின் வருமானத்தில் இப்படிப்பட்டவர்களின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது. 20 சதவீதம் பேர் 80 சதவீத வியாபாரம் கொடுக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். பல பொருள்களில் அளந்து பார்த்தால் அந்த 20 சதவீதம் கொடுப்பது பாதியிலிருந்து அறுபது வரைதான். மீதியைக் கொடுப்பது பெயர் தெரியாத, நம்மை அதிகம் நினைக்காத மக்கள்.

---

திருவாதிரை எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். சமூகவியல் படித்தவள், கோயிலுக்குப் போகிறவள், இரண்டுமாக எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது.

கடைத்தெரு ஐயா, 'மதம் மாதிரி' என்று சொல்லும்போது ஆதாரம் பார்க்காமல் நம்புவது என்ற ஒரே குணத்தைத்தான் மதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். மதத்தில் நேர்த்திக்கடன் இருக்கிறது, விரதம் இருக்கிறது, அன்னதானம் இருக்கிறது. நம்புகிறவர் தன்னிடமிருந்து எதையோ விட்டுக்கொடுக்கிறார். மலையேறிப் போகிற எங்கள் அத்தைக்கு யாரும் 'லாயல்டி பாயிண்ட்' கொடுப்பதில்லை. அவருடைய நம்பிக்கையையும் ஷாம்பு பாக்கெட் விசுவாசத்தையும் ஒரே தட்டில் வைத்தால் எனக்கு வலிக்கிறது.

அதனால் வேறொரு ஒப்புமையைத் தருகிறேன். சமூகவியலாளர் எமில் துர்கெய்ம் 1912-இல் மதத்துக்கும் மாந்திரீகத்துக்கும் ஒரு கோடு போட்டார். மதம் தன்னை நம்புகிறவர்களை ஒரு சபையாகக் கட்டுகிறது. மந்திரவாதிக்குச் சபை கிடையாது, அவரிடம் வந்து போகும் வாடிக்கையாளர்கள்தான் உண்டு. இன்று வந்தவரும் நாளை வருகிறவரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். மளிகைக் கடையில் சோப்பு வாங்குகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தானே? அவர்களைச் சபை என்று கற்பனை செய்வதுதான் கோட்பாட்டின் கோளாறு.

பலிக்காத பரிகாரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். எவான்ஸ் பிரிட்சார்ட் என்ற மானிடவியலாளர் தெற்கு சூடானின் அசாண்டே மக்களிடையே இருந்து எழுதியது, 1937-இல் வெளிவந்தது. அவர்கள் கோழிக்குஞ்சுக்கு 'பெங்கே' என்ற விஷத்தைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்பார்கள். குஞ்சு செத்தால் ஒரு பதில், பிழைத்தால் இன்னொரு பதில். அதே கேள்வியைத் திருப்பிப் போட்டு மறுபடி கேட்பார்கள். இரண்டு பதிலும் முரண்பட்டால்? விஷம் கெட்டுப்போயிருக்கும், யாரோ விலக்கை மீறியிருப்பார்கள், சூனியம் குறுக்கிட்டிருக்கும். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை என்பதை அவர் அழுத்திச் சொல்கிறார். அந்த நம்பிக்கை அமைப்புக்குள் நின்று பார்த்தால் ஒவ்வொரு விளக்கமும் நியாயமாகத்தான் இருக்கும். தோல்வி வந்து மோதும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதவு தயாராக இருக்கிறது. உங்கள் கூட்ட அறையில் நடந்ததும் இதுவே. அங்கே இருந்தவர்களை முட்டாள்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்க உள்ளே இடம் இல்லாத ஓர் அமைப்பில் அவர்கள் வேலை செய்தார்கள்.

---

எண்கணக்கு எழுதியது:

மேடம் சொன்ன 'கதவுகள்' விஷயத்துக்கு எண்களோடு சில உதாரணம். டிஜிட்டல் விளம்பரத்தை அளக்கிற வேலையில் இருக்கிறேன்.

1990-இல் ரெய்ச்ஹெல்டும் சாசரும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதியது: வாடிக்கையாளர்களில் இன்னும் 5 சதவீதம் பேரைத் தக்கவைத்தால் லாபம் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். இந்த வரி இல்லாத பிரசன்டேஷனை நான் பார்த்தது அபூர்வம். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். வருஷத்துக்கு 10 சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்றால் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 10 வருஷம் இருப்பார். அது 5 சதவீதம் ஆனால் 20 வருஷம். பேச்சில் இது 'வெறும் 5 சதவீதம்'. உண்மையில் விலகுகிறவர்களைப் பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள். அதற்கு என்ன செலவாகும், அது நடக்கக்கூடியதா என்ற கேள்வியை அந்த 5 என்ற எண் மறைத்துவிடுகிறது.

அதே ரெய்ச்ஹெல்டு 2003-இல் நெட் புரமோட்டர் ஸ்கோர் கொண்டுவந்தார். "எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள்." 9, 10 சொன்னவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை சொன்னவர்களின் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் மதிப்பெண். வளர்ச்சிக்கு இந்த ஒரு எண் போதும் என்றார். 2007-இல் கீனிங்ஹாமும் கூட்டாளிகளும் நார்வே நாட்டுத் தரவை வைத்துச் சோதித்தார்கள். மற்ற சாதாரண அளவுகோல்களைவிட இது மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கட்டுரை 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்' என்ற துறையின் முதன்மை இதழிலேயே வந்தது. இன்றைக்கும் வங்கிக்குப் போய்விட்டு வந்தால் போனில் அதே கேள்விதான் வருகிறது. அந்த எண்ணை வைத்து ஊழியர்களின் சம்பள உயர்வு முடிவாகிறது. கவுன்டரில் இருக்கிற பெண் "சார், தயவுசெய்து 10 கொடுங்க" என்று கெஞ்சுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மூன்றாவது, எனக்கு மிகப் பிடித்த ஆய்வு. ஈபே என்ற இணையச் சந்தை, தேடுபொறியில் தன் பெயரையே தேடுகிறவர்களுக்குக்கூடக் காசு கொடுத்து விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது. பிளேக், நாஸ்கோ, ததேலிஸ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2012-இல் அதை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரத்தைத் தட்டி வந்திருக்க வேண்டியவர்களில் 99.5 சதவீதம் பேர் கீழே இருந்த இலவச இணைப்பைத் தட்டி வந்து சேர்ந்தார்கள். பிறகு மற்றத் தேடல் சொற்களுக்கான விளம்பரத்தைச் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தினார்கள். அங்கே கண்டதுதான் இந்த இழைக்கு முக்கியம். ஈபேயை அதிகம் அறியாத, எப்போதாவது வாங்கும் மக்களிடம் விளம்பரம் வேலை செய்தது. அடிக்கடி வாங்குகிறவர்களிடம் பெரிதாக எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் விளம்பரச் செலவில் பெரும்பங்கு இவர்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே வருகிறவருக்கு வழிகாட்டக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

2017-இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கி தன் விளம்பரம் வரும் தளங்களைச் சுமார் 4 லட்சத்திலிருந்து 5,000-ஆகக் குறைத்தது. பலனில் மாற்றம் தெரியவில்லை. அதே ஆண்டு ப்ராக்டர் அண்ட் கேம்பிள் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் டிஜிட்டல் செலவைக் குறைத்தது. விற்பனை அசையவில்லை.

லூதர் 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தார் என்று பள்ளியில் படித்தோம். கிளிக் எண்ணிக்கை, வியூ எண்ணிக்கை போட்ட அறிக்கைகளை நான் அந்தச் சீட்டாகத்தான் பார்க்கிறேன். காசு கொடுத்தால் மனச்சாந்தி கிடைக்கும், மேலதிகாரியிடம் காட்டலாம். விற்பனை நடந்ததா என்பது வேறு கேள்வி.

---

பாடசாலை எழுதியது:

ஈபே ஆய்வை நானும் வகுப்பில் நடத்துகிறேன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதிர்முகாமையும் அதே கண்ணால் பாருங்கள் என்று கேட்கிறேன்.

எரன்பெர்க்கின் வழியில் வந்த பைரன் ஷார்ப்பும், தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய அவருடைய ஆய்வு நிறுவனமும் 2010-க்குப் பிறகு பெரிய செல்வாக்குப் பெற்றார்கள். இப்போது அவர்களுக்கும் மந்திரம் இருக்கிறது: வாங்கும் நேரத்தில் நினைவுக்கு வருவது, கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது, அடையாளம் தெரிவது. இந்த மூன்றையும் யோசிக்காமல் ஒப்பிக்கும் இளைஞர்களை நான் சந்திக்கிறேன். லெஸ் பினெட்டும் பீட்டர் ஃபீல்டும் 2013-இல் விளம்பர பட்ஜெட்டில் பிராண்டை வளர்க்க 60 சதவீதம், உடனடி விற்பனைக்கு 40 சதவீதம் என்று ஒரு விகிதம் சொன்னார்கள். அது பிரிட்டனில் விருதுக்கு அனுப்பப்பட்ட விளம்பரங்களின் தொகுப்பிலிருந்து எடுத்த சராசரி. தோற்றுப்போன விளம்பரத்தை யார் விருதுக்கு அனுப்புவார்கள்? இதையும் சேர்த்துச் சொல்லாமல் 60:40 என்று மட்டும் உச்சரிப்பதும் ஓதுவதுதான்.

எரன்பெர்க்கின் கணித மாடல், குட்ஹார்ட், சாட்ஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து 1984-இல் முழு வடிவம் பெற்றது. அது நிலையாக இருக்கும் சந்தையை வர்ணிக்கிறது. அந்தச் சந்தை நாளை எப்படி உடையும் என்று சொல்லாது. கடலூர்ப் பாக்கெட்டை அது முன்கூட்டியே காட்டியிருக்காது. வசதியில்லாத வீட்டுக்கும் தலைமுடி கழுவும் ஆசை உண்டு, தடையாக இருப்பது பாட்டிலின் விலை என்று பார்த்தது வாடிக்கையாளரைப் புரிந்துகொண்ட ஒரு கண். அந்தக் கண்ணை வளர்ப்பதைத்தான் கோட்லர் புத்தகம் முதல் அத்தியாயத்திலிருந்து கேட்கிறது.

---

கடைத்தெரு எழுதியது:

பாடசாலை சார், இரண்டாவது பத்தியை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஷார்ப் பக்கத்து ஆட்களிடமும் ஓதுதல் வந்துவிட்டது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. சின்ன பிராண்டுக்கு வாங்குகிறவர்களும் குறைவு, வாங்கும் தடவைகளும் குறைவு என்ற கூற்றைத் தரவை வைத்துப் பொய்யாக்க முடியும். வாங்குகிறவர்கள் குறைவு, ஆனால் அவர்கள் மிக அதிகம் வாங்குகிறார்கள் என்று நூறு சின்ன பிராண்டுகளைக் கொண்டுவந்து காட்டுங்கள், கூற்று விழுந்துவிடும். 'அறிவைத் தாண்டிய விசுவாசம்' என்ற கூற்றை எந்தத் தரவு விழவைக்கும்? நான் அதைத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன், எனக்குக் கிடைக்கவில்லை.

திருவாதிரை அம்மா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. நீங்கள் சொன்ன துர்கெய்ம் கோடுதான் நான் சொல்ல நினைத்ததற்கு வார்த்தை கொடுத்தது. வாடிக்கையாளர்கள் சபை இல்லை. அவர்கள் வந்து போகிறவர்கள். ஆனால் இந்தத் துறையில் ஒரு சபை நிச்சயமாக இருக்கிறது, அது நாங்கள். ஒரே புத்தகம் படித்தவர்கள், ஒரே சொற்களைப் பேசுகிறவர்கள். 1954-இல் வெனிஸில் ஆரம்பித்த விளம்பர விழா இப்போது ஆண்டுதோறும் கேன்ஸில் கூடுகிறது. அங்கே நாங்களே எங்களுக்கு விருது கொடுத்துக்கொள்கிறோம். பிராண்டை உண்மையாகவே நேசிக்கிறவர்கள், காலையில் எழுந்ததும் அதையே நினைக்கிறவர்கள், அதற்கு ஒரு ஆன்மா இருக்கிறது என்று நம்புகிறவர்கள், எல்லாரும் இந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் பக்தியை எடுத்து மக்கள்மேல் ஏற்றிப் பார்க்கிறோம். சுவரில் மாட்டியிருந்த அந்தப் பெண்ணின் முகம் எங்கள் மேனேஜர்களின் மனசுதான்.

இதில் எனக்குக் கவலை தருவது செலவை யார் தாங்குகிறார்கள் என்பது. விரதம் இருப்பவர் தன் வயிற்றைத்தான் வருத்துகிறார் என்று சொன்னீர்கள். இங்கே நம்புகிறவர் ஒருவர், பட்டினி கிடப்பவர் இன்னொருவர். ஸ்டாக் இல்லாத கடைக்காரர், டார்கெட் எட்டாத விற்பனைப் பையன், விலையில் விளம்பரச் செலவையும் சேர்த்துக் கொடுக்கும் வாடிக்கையாளர்.

---

புதுக்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து சிறுதானிய முறுக்கு, தட்டை போடுகிறோம். இரண்டு மாவட்டத்தில் கடைகளுக்குக் கொடுக்கிறோம். இன்ஸ்டாகிராமில் எங்களைப் பின்தொடர்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ரொம்ப அன்பாகப் பேசுகிறார்கள். ஆனால் கடை விற்பனை கூடவில்லை. ஒரு ஆலோசகர் 'பிராண்ட் கம்யூனிட்டி' கட்டுங்கள், அவர்களுக்கென்று தனி ஆப் போடுங்கள் என்று ஒரு தொகை கேட்கிறார். எங்களுக்கு அது பெரிய தொகை. இந்த இழையைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

---

விருதுநகர்வாசி எழுதியது:

தங்கச்சி, அந்தக் காசை ஆப்ல போடாதீங்க. முதல்ல ஒரு வாரம் கடை கடையாப் போய்ப் பாருங்க. எத்தனை கடைல உங்க சரக்கு இருக்கு, எத்தனை கடைல தீந்துபோய்க் கிடக்கு, எந்த அலமாரில வச்சிருக்காங்க, எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. முறுக்கு பாக்குறப்பதான் வாங்கத் தோணும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல தொங்கவிடுற மாதிரி சின்னப் பாக்கெட் போட முடியுமான்னு பாருங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடையை விட்டுறாதீங்க. லைன் வண்டி வாரம் தவறாம போகணும். கடைக்காரங்க கேக்குற ஒரே கேள்வி, "மறுபடி எப்ப வருவீங்க?" அதுக்குச் சரியான பதில் இருந்தா சரக்கை எடுப்பாங்க. எக்ஸ்பயரி ஆனதைத் திருப்பி எடுத்துக்கறோம்னு சொல்லிப் பாருங்க, முன்வரிசைல இடம் கிடைக்கும்.

---

திருவாதிரை எழுதியது:

அன்பாகப் பேசுகிறவர்களை விட்டுவிடாதீர்கள் அம்மா. அவர்கள் பேச்சு உங்களுக்குத் தெம்பு. அவர்களிடம் எந்தக் கடையில் கிடைக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தகவலுக்கு ஆப் தேவையில்லை.

---

பாடசாலை எழுதியது:

ஆலோசகரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆறு மாதம் கழித்து எதைப் பார்த்தால் இந்தத் திட்டம் தோற்றது என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்? அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தயங்கினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். என் மாணவர்களிடமும் இனி ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் இதற்கென ஒரு பக்கம் கேட்கப்போகிறேன்.

---

எண்கணக்கு எழுதியது:

விளம்பரம் செய்தே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். உங்கள் இரண்டு மாவட்டத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி விற்பனை உள்ள ஊர்களை ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் எந்த ஊர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, அங்கே மட்டும் விளம்பரம் காட்டுங்கள். இரண்டு ஊருக்கும் சரக்கு ஒரே அளவில், ஒரே நாளில் போக வேண்டும். இல்லாவிட்டால் எதனால் விற்றது என்று தெரியாது. தீபாவளியை ஒட்டிச் செய்யாதீர்கள், பண்டிகை வியாபாரம் கணக்கைக் குழப்பிவிடும். எட்டு வாரம் கழித்து லைக், வியூ எதையும் பார்க்காமல், கடைகள் மறு ஆர்டர் கொடுத்த பாக்கெட் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுங்கள். ஊர் பிரிப்பதற்கு உதவி வேண்டுமென்றால், கடந்த ஆறு மாத விற்பனைக் கணக்கை ஊர்ப் பெயர் இல்லாமல் இங்கேயே போடுங்கள். நான் பிரித்துத் தருகிறேன்.